சொப்பு விளையாட்டும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும்

ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணித் துண்டுகளால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று பதில் வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நாமோ பிள்ளை விளையாடினால் பொழுதை வீணாக்குகிறது என்கிறோம்.

கொட்டாங்கச்சியில் மண்ணைப் போட்டுச் சோறாக்கி, “அத்தா, சாப்பிடுங்க” என்று பிள்ளை நீட்டுகிறது. மண் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் சோறு என்று வைத்துக்கொள்கிறது. இருப்பதையும் நினைப்பதையும் குழப்பாமல் சேர்த்துப் பிடிக்கும் இந்தத் திறன்தான், பிறர் மனத்தை ஊகிக்கவும் அடிப்படை என்றார் ஆலன் லெஸ்லி என்ற அறிஞர்.

1985-இல் சைமன் பாரன்-கோஹன், ஊட்டா ஃப்ரித் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பொம்மைகள் வரும். ஒரு பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும். மற்றது அதை எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிடும். திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் கூடையைச் சரியாகக் காட்டினார்கள். ஆகவே இது பொதுவான அறிவுக் குறைவு அல்ல. ஆட்டிசம் உள்ளவர்களிலும் 4 பேர் சரியாகச் சொன்னார்களே!

கார் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காரை ஓட்டி, “அய்யம்பேட்டை இறங்கு!” என்று சொல்லிப் பாருங்கள். பிறகு சற்றுக் காத்திருங்கள். சமையல் விளையாட்டு என்றால் முதலில் நிஜ டம்ளர், நிஜக் கரண்டி, கொட்டாங்கச்சி பிறகு. தாமாகச் செய்யாத பல பிள்ளைகள், கூட இருந்து காட்டினால் செய்கிறார்கள்.

ஒன்றரை, இரண்டு வயதில் இப்படிப்பட்ட விளையாட்டு இல்லை, பேர் சொன்னால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால், “இவன் அத்தாவும் லேட்டாத்தான் பேசினாங்க” என்று இருந்துவிட வேண்டாம். துஆ செய்யுங்கள், ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குப் பெறலாம். படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம்.