மூச்சுவிடும் வீடும் மூடவேண்டிய அறையும்

திருவனந்தபுரத்தின் பழைய வீடுகள் காற்றுக்கு வழிவிட்டே கட்டப்பட்டவை. ஓடுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள், சாளரங்களுக்கு மேலே கம்பி வலையிட்ட காற்றுத்துளைகள், உயர்ந்த கூரை, நீண்ட திண்ணை என எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. இதன் முழு அழகையும் காண விரும்புவோர் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறுவதற்கு முன் மன்னர்கள் வாழ்ந்த இடம் அது. மரச்சட்டங்களை நெருக்கமாகப் பதித்த அதன் பலகணிகள் வெயிலையும் மழைச்சாரலையும் வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே அழைக்கின்றன. ஈரம் மிகுந்த கடலோர நாட்டில் வியர்வை உலரக் காற்று நகர்ந்தாக வேண்டும் என்பதை அந்தத் தச்சர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்த மரபில் வந்த வீடுகளுக்குள் இப்போது ஏ.சி. புகுந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,500 மெகாவாட்டைக் கடந்தது. படுக்கையறை ஏ.சி.கள் அனைத்தும் ஒருசேர ஓடும் இரவு வேளைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கருவியை வாங்குவோர் நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கிறார்கள். டன் கணக்கை விசாரிக்கிறார்கள். மாதத் தவணையைக் கணக்கிடுகிறார்கள். அது மாட்டப்படும் அறையின் சுவரையும் கதவையும் பார்ப்பவர் மிகக் குறைவு. காற்றை உள்ளே விடுவதற்காகக் கட்டப்பட்ட அறையில் ஏ.சி.யை ஓட்டுவது, அடியில் துளையுள்ள குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

இழப்பு எவ்வளவு என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு அடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அதனுள் இருக்கும் காற்றின் எடை ஏறத்தாழ 40 கிலோ. வெளியே ஏப்ரல் மாத இரவு. வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு. அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவிலும் 19 கிராம் நீராவி கலந்திருக்கும். உள்ளே நாம் விரும்புவது 25 டிகிரியும் 55 விழுக்காடு ஈரப்பதமும்; அந்த நிலையில் ஒரு கிலோவில் இருக்க வேண்டியது 11 கிராம் நீராவி மட்டுமே. அறையின் காற்று மணிக்கு ஒரு முறை இடுக்குகள் வழியே மாறுகிறது என்றால், மணிக்கு 320 கிராம் நீரை ஏ.சி. கூடுதலாகப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். மூன்று முறை மாறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர். எட்டு மணி நேரத்தில் அரை வாளி சேர்ந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெளிக்காற்றுக்கும் உட்காற்றுக்கும் வெப்பநிலையில் இருக்கும் வேறுபாடு இரண்டே டிகிரி. ஆகவே கசிந்து வரும் காற்றைக் குளிர்விப்பதற்கு ஆகும் உழைப்பு அற்பமானது. உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு அந்தக் காற்றிலுள்ள நீராவியை நீராக்குவதற்கே செலவாகிறது. ராஜஸ்தானின் வறண்ட நகரம் ஒன்றில் இதே அறை, இதே இடுக்குகள் இருந்தால் கணக்கு வேறாக அமையும். திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் சென்னையிலும் கசிவு என்றால் ஈரம் என்றே பொருள். ஏ.சி. 20 டிகிரியில் ஓடியும் புழுக்கம் தீரவில்லை, போர்வை பிசுபிசுக்கிறது என்று சொல்வோரின் அறைகளில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது.

மின்சாரமாக மாற்றிப் பார்த்தால், காற்று ஒரு முறை மாறுவதற்கு ஏறத்தாழ 250 வாட் குளிர்விப்புத் திறன் வீணாகிறது. மூன்று முறை என்றால் 750 வாட்; அதாவது ஒரு டன் கருவியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல கருவியாக இருந்தாலும் இதற்கு மட்டும் இரவுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். மூன்று முறை என்பதை ஒரு முறையாகக் குறைத்தால், ஓர் அறைக்கு மாதம் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும்.

கேரளத்தில் இந்த 30 யூனிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. மாநில மின்சார வாரியத்தின் வீட்டுக் கட்டண முறையில், மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விகிதம். முதல் 50 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 50க்குச் சற்றுக் கூடுதல் என்று ஏறிச் செல்லும். 250ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை மறைந்து, முதல் யூனிட்டிலிருந்து முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர் விகிதம் விதிக்கப்படும். ரசீது இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை வருவதால், அந்த எல்லையை 500 யூனிட் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. 510, 520 என்று நிற்கும் குடும்பங்களுக்குக் கதவிடுக்கை அடைப்பதும் அடைக்காததும் ரசீதில் நூற்றுக்கணக்கான ரூபாய் வேறுபாடாகத் தெரியும்.

ஆயினும் வீடு முழுவதையும் அடைத்துவிடுவது தீர்வாகாது. இதற்கு நல்ல சான்று நகரின் உள்ளூரிலேயே இருக்கிறது. 1917இல் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக ஆக்கிக்கொண்டு 2007இல் இங்கேயே மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை உள்ளூரில் அமைத்தார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களும், நடுவே நீர் தேங்கிய சிறு முற்றங்களும் காற்றைக் கட்டடத்தினூடே இழுத்துச் செல்கின்றன. அதே வளாகத்தில் கணினி மையம் ஒன்றும் தேவைப்பட்டது. கணினிகளோ திறந்த காற்றைப் பொறுத்துக்கொள்வதில்லை. பேக்கர் அதற்கு இரட்டைச் சுவர் எழுப்பினார். வெளியே வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதுபோல் வளையும் ஜாலிச் சுவர். உள்ளே வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் தனிக்கூடு. இரண்டுக்கும் இடையே அலுவலக இடமும் பொருள் வைக்கும் இடமும். திறந்த சுவருக்குப் பெயர் பெற்றவரே தேவைப்பட்ட இடத்தில் மூடினார். வெயில் நேரடியாகத் தாக்காத உட்கூடு என்பதால் குளிர்விக்கும் சுமையும் குறையும் அல்லவா?

வீட்டுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். கூடமும் சமையலறையும் திண்ணையும் காற்றோட்டமாகவே இருக்கட்டும். குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பும், வெப்ப ஈரப் பகுதிகளில் திறக்கக்கூடிய சாளரப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. ஏ.சி. ஓடும் ஓர் அறையை மட்டும், ஓடும் நேரத்தில் மட்டும், மூடினால் போதும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதுமானது. அறையின் கதவையும் சாளரங்களையும் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, இணைப்புக் குளியலறையின் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு அதன் கதவைத் திறந்து வையுங்கள். அது அறையின் காற்றை வெளியே இழுக்கும்போது, எல்லா இடுக்குகளும் வெளிக்காற்றை உள்ளே விடும். ஊதுபத்தியைக் கதவின் விளிம்பு, சாளரச் சட்டம், மின்பெட்டி ஆகியவற்றின் அருகே மெதுவாகக் கொண்டுசென்றால், புகை எங்கே வளைகிறதோ அங்கே வழி இருக்கிறது. திரைச்சீலையின் அருகே மட்டும் கவனம் தேவை.

முதல் குற்றவாளி பெரும்பாலும் சாளரத்துக்கு மேலுள்ள காற்றுத்துளைதான். கொசுவலை அடித்திருப்பதால் அது மூடியிருப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். அதற்குக் கீல் வைத்த கண்ணாடி அல்லது அக்ரிலிக் பலகை பொருத்திக்கொண்டால் இரவில் சாத்தி, காலையில் திறந்துவிடலாம். சிமெண்ட் பூசி நிரந்தரமாக அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்தடை வரும் இரவில் அந்தத் துளையின் அருமை தெரியும். அடுத்து வருவது கதவின் அடிப்பகுதி. மூன்றடிக் கதவின் கீழ் அரை அங்குல இடைவெளி என்பது 18 சதுர அங்குலத் துளை. சுவரில் அத்தனை பெரிய ஓட்டையை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். கதவடியில் ரப்பர் அல்லது பிரஷ் பட்டை ஒட்டினால் தீரும். மூன்றாவது இடம், ஏ.சி.யின் செம்புக் குழாய் வெளியேறும் துளை. கருவியைப் பொருத்துபவர் பெரிதாகத் துளையிட்டுவிட்டு, பிளாஸ்டிக் மூடியொன்றைச் செருகிச் செல்வது வழக்கம். உட்புற யூனிட்டின் பின்னால் மறைந்திருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. எறும்பும் பல்லியும் மட்டும் அந்த வழியை அறியும். அடுத்த சர்வீஸின்போது அதை புட்டியாலோ நுரைப்பசையாலோ அடைத்துத்தரச் சொல்ல வேண்டும். குளியலறையின் கண்ணாடிச் சட்டச் சாளரத்தை அடைக்க வேண்டியதில்லை. குளியலறைக் கதவை இறுக்கமாகச் சாத்தினால் போதும்.

பட்டை, சிலிக்கோன் பசை, பலகை என எல்லாம் சேர்ந்தாலும் புதிய ஏ.சி.யின் விலையோடு ஒப்பிட இது சிறு தொகை. இதற்குக் கடன் வேண்டியதில்லை என்று வங்கி இதழிலேயே எழுதுவதில் தயக்கமும் இல்லை.

அண்மைக்கால வில்லாக்களிலும் பெரிய அடுக்ககங்களிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் எனப்படும் காற்றுக் குழாய்கள் ஓடும் மையக் குளிர்சாதனம் வந்துவிட்டது. அங்கே கசிவு கண்ணுக்கே தெரியாது. இத்தகைய குழாய்கள் பரவலாக உள்ள அமெரிக்காவில், வழக்கமான வீட்டில் குழாய் வழியே செல்லும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவால் வீணாகிறது என்கிறது அந்நாட்டு எனர்ஜி ஸ்டார் திட்டம். நம் ஊரில் காற்று மட்டும் போவதில்லை. மேற்சொன்ன ஏப்ரல் இரவின் காற்று 24 டிகிரிக்குச் சற்று மேலேயே பனிக்கத் தொடங்கிவிடும். குழாய்க்குள் ஓடுவதோ ஏறத்தாழ 13 டிகிரிக் காற்று. காப்புறை கிழிந்த இடத்திலும் இணைப்பு விலகிய இடத்திலும் நீர் முத்து முத்தாக அரும்பி, ஜிப்சம் பலகையில் பழுப்புக் கறையாக இறங்கும். மேல்மாடிக் குழாயில் ஒழுக்கு என்று பிளம்பரை அழைத்தவர்கள் உண்டு.

அந்த இணைப்புகளை எதைக் கொண்டு ஒட்டுவது? டக்ட் டேப் என்று பெயர் பெற்ற துணிப்பட்டையே இதற்கு ஏற்றதன்று. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1998இல் பலவகை அடைப்புப் பொருள்களைச் சோதித்தபோது, வெப்ப மாறுதலில் பசை காய்ந்து விட்டுக்கொடுத்தது அந்தப் பட்டைதான். குழாய்ப் பணிக்கென்றே வரும் மாஸ்டிக் பசையும் அலுமினியத் தகட்டுப் பட்டையும் நிலைத்து நிற்கும். ஃபால்ஸ் சீலிங் மூடப்படுவதற்கு முன்பே இணைப்புகளைப் பார்வையிட்டு, புகைப்படம் எடுத்துவைத்த பின்னரே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையைத் தருவது நலம்.

அடைப்பதில் விலக்குகளும் உண்டு. இவற்றில் சலுகை கூடாது. சமையலறையின் காற்றுத்துளைகளை எக்காரணத்தாலும் மூடக்கூடாது. கேஸ் கீசர் உள்ள குளியலறையை அடைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. இன்வெர்ட்டரின் அமில பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளியிடும் என்பதால், அதை அடைத்த அறைக்குள் வைக்கலாகாது. படுக்கையறையையும் ஒரு துளிக் காற்றும் புகாதபடி இறுக்க வேண்டாம். இருவர் எட்டு மணி நேரம் உறங்கும் அறைக்குச் சிறிதளவு புதுக்காற்று தேவை. காலையில் எழும்போது தலை கனத்தால், கூடத்தை நோக்கிய கதவை விரற்கடை திறந்து வைக்கலாம்.

கசிவு குறைந்தபின் வெப்பநிலையை உயர்த்தலாம். 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கப்படும் நட்சத்திர முத்திரை ஏ.சி.களின் தொடக்க அமைப்பே 24 டிகிரி. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். வறண்ட காற்றில், மின்விசிறியும் சுழன்றால், 26 டிகிரியே இதமாக இருக்கும். இதில் இன்னொரு பயனும் உண்டு: 18 டிகிரியில் வைத்த அறையின் சாளரக் கண்ணாடி வெளிப்புறத்தில் வியர்க்கும், அடுத்த அறையின் பொதுச்சுவரில் பூஞ்சை படரும். பனிநிலைக்கு மேலே அறையை வைத்தால் அந்தத் தொல்லை இராது.

வேலை சரியாக நடந்ததா என்று அறிய மின்ரசீது வரும்வரை இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏ.சி.யின் கழிவுநீர்க் குழாயின் நுனியில் ஒரு வாளியை வைத்து, அடைப்பதற்கு முன் மூன்று இரவுகளும் பின் மூன்று இரவுகளும் சேர்ந்த நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த இரவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உறங்குவோரின் மூச்சும் வியர்வையும் எப்படியும் ஒரு லிட்டர் அளவுக்குத் தரும். அதற்கு மேல் வாளியில் நிற்பதில் பெரும்பகுதி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்த வெளிக்காற்றின் ஈரம்.