தையலின் அருகே வந்த அக்கி



பித்தப்பைக் கல்லுக்காக நமது ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர், வீடு திரும்பிய பத்தாம் நாள் மனைவியோடு மறுபடியும் வந்தார். தையல் போட்ட பக்கத்தில் இரண்டு மூன்று நாளாய்த் தீப்பட்டாற்போல் எரிச்சல். முந்தின நாள் கொத்துக்கொத்தாய்க் கொப்புளங்கள். "ஆப்பரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டது ஐயா" என்றார். அவர் மனைவியோ, செலுத்தாத பொருத்தனைக்குத் தண்டனை என்று அழுதார்.

டாக்டர் சட்டையை விலக்கிப் பார்த்தார். தையல் சீழின்றி நன்றாய் ஆறியிருந்தது. கொப்புளங்கள் முதுகெலும்பருகே தொடங்கி, வலது விலா வழியாய் அரைக்கச்சைபோல் வந்து, வயிற்றின் நடுவோடு நின்றுவிட்டன. புண் பழுத்திருந்தால் இப்படி இராது. இது அக்கி.

சின்னம்மை வந்துபோனவர்களின் நரம்பு வேர்களில் அந்த வைரஸ் சாகாமல் உறங்குகிறது. வயது ஏறி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அது விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அறுவையோ காயமோ அதை எழுப்பிவிடுவதும் உண்டு. ஆகையால் சிலருக்குக் கத்தி பட்ட பக்கத்திலேயே தோன்றுகிறது. மருத்துவரின் கையிலிருந்து ஒட்டியது அல்ல.

நம் ஊர்களில் அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். என் தாயாரும் சிறுவயதில் என்னை அழைத்துப்போனார்கள்; குளிர்ச்சியாய் இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் அதிலே நாட்கள் போய்விடுகின்றன. அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். இந்தப் பெரியவர் நேரத்தோடு வந்தார். 35 மாத்திரைகளும் நீங்கள் தாங்கும் ஏழை நோயாளர் நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டன. 2023 முதல் நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசியும் உண்டு; அதன் விலை இவர்களுக்கு எட்டாது.

வீட்டில் மருமகள் கர்ப்பவதி. அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அவள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

அந்த அம்மாளோடு நான் உட்கார்ந்து யோபுவின் சரித்திரத்தை வாசித்தேன். வியாதியைப் பாவத்தின் கூலியென்று பேசிய சிநேகிதர்மேல் தேவன் கோபங்கொண்டார் என்பதை அவர்கள் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள்.

கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. வலி மட்டும் போகவில்லை; முதியோருக்கு இது மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. இரவில் போர்வை பட்டாலும் விழித்துக்கொள்கிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.