வரைபடத்தில் உயர்ந்த கோபுரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில், பரந்த புல்வெளிச் சமநிலத்தில் அமைந்தது ஓக்லஹோமா மாநிலம். அதன் தலைநகரான ஓக்லஹோமா நகரில் 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 681,000 பேர் வாழ்ந்தனர். நகரின் மையத்தை அடுத்துப் பிரிக்டவுன் என்றொரு பகுதி உண்டு. செங்கல்லாற் கட்டிய பழைய பண்டகசாலைகள் நிறைந்த அவ்விடம், கால்வாயும் விளையாட்டரங்கும் அமைக்கப்பட்டபின் மக்கள் விரும்பிச் செல்லும் இடமாயிற்று. வாகனங்கள் நிறுத்தப் பயன்பட்ட அங்குள்ள ஒரு வெற்றுநிலத்தில், நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டடத்தை எழுப்பப்போவதாக 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிப்பு வெளியாயிற்று.

கோபுரத்தின் உயரம் 1,907 அடி எனக் கூறப்பட்டது. ஓக்லஹோமா ஒரு மாநிலமாக ஏற்கப்பட்ட ஆண்டு 1907 என்பதே அவ்வெண்ணுக்குக் காரணம். நியூயோர்க்கில் 1,776 அடி உயரத்தில் நிற்கும் உலக வர்த்தக மையக் கோபுரமும் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த ஆண்டையே தன் உயரமாகக் கொண்டது. எண்ணிலே பொருள் பொதிந்திருப்பது அழகுதான். ஆயினும், ஒரு கட்டடத்தின் உயரத்தை வரலாறு நிச்சயித்தால், அதன் வாடகையை யார் நிச்சயிப்பது? இந்தக் கேள்வியிலிருந்தே மக்களின் ஐயம் தொடங்கிற்று. 2024 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மாநகர சபை அந்நிலத்துக்கு உயர வரம்பை நீக்கி அனுமதி வழங்கியது. அதன் பின்னரும் ஐயம் அகலவில்லை.

இந்த ஐயம் பொறியியலைப் பற்றியதென்று கருதுவது தவறு. துபாயில் 828 மீற்றர், அதாவது 2,700 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள புர்ஜ் கலீபா 2010 ஆம் ஆண்டிலேயே திறந்துவைக்கப்பட்டது. ஓக்லஹோமா கடுஞ்சுழற்காற்றுக்குப் பெயர்பெற்ற மாநிலம் என்பது உண்மையே. ஆயினும், காற்றின் விசையைக் கணித்து அதற்கேற்ற எலும்புக்கூட்டைக் கட்டடத்துக்கு அமைக்கும் வித்தையைப் பொறியியலாளர் அறிவர். கட்ட முடியுமா என்பதன்று வினா. கட்டியபின் அது தன் செலவைத் தானே ஈட்டுமா என்பதே வினா.

உயரம் கூடக்கூடச் செலவு அதே விகிதத்திற் கூடுவதில்லை. அதனினும் விரைவாகக் கூடுகின்றது. மேலேயுள்ள மாடிகளின் பாரத்தைக் கீழேயுள்ள தூண்கள் தாங்கவேண்டும். மேலே செல்வோருக்கென மேலும் பல மின்தூக்கிகள் வேண்டும்; அவை ஓடும் வழிகள் ஒவ்வொரு மாடியிலும் இடத்தை விழுங்கும். அதனால், செலவு மிகுந்த கட்டடத்தில் வாடகைக்கு விடக்கூடிய பரப்பின் பங்கு குறைகின்றது. நிலம் பொன்விலை விற்கும் நெருக்கமான தீவாகிய மன்ஹற்றனில் இந்தச் செலவைத் தாங்க முடியும். எல்லாத் திசையிலும் சமநிலம் விரிந்து கிடக்கும் ஓக்லஹோமாவில், வானை நோக்கிச் செல்லவேண்டிய தேவை அவ்வளவு வலிமையானதன்று.

அந்நகரிலேயே இதற்கு ஓர் ஒப்பீடு உண்டு. 2012 ஆம் ஆண்டில் நிறைவெய்திய டெவன் கோபுரம் 50 மாடிகளையும் 844 அடி உயரத்தையும் கொண்டது. எண்ணெய், எரிவாயு உற்பத்தி செய்யும் ஒரு பெரிய நிறுவனம் தன் தலைமை அலுவலகமாக அதைக் கட்டிற்று. குடியிருக்கப்போவோர் முதலில் இருந்தனர். கட்டடம் பின்பு வந்தது. புதிய கோபுரத்திலோ கட்டடம் முன்னும் குடிவருவோர் பின்னுமாக முறை மாறி நின்றது. அது டெவன் கோபுரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயரமானது. அதன் தொடர்மாடி வீடுகளுக்கும் ஹோட்டல் அறைகளுக்கும் ஆட்களை இனித்தான் தேடவேண்டும். பணம் திரட்டப்பட்டுவிட்டதெனக் கட்ட முனைந்தோர் 2024 இல் தெரிவித்தனர். ஆனால், குறைந்த உயரமுள்ள கட்டடங்களை முதலில் எழுப்பி, அவை பலன் தந்தபின்னரே பெருங்கோபுரத்தைத் தொடங்குவதென்பது அவர்களுடைய திட்டமாகவே இருந்தது. அக்காலத்திற் கடன் வாங்குவதும் எளிதாயிருக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பூச்சியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டிவீதம், 2023 யூலையில் 5 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது.

இத்தகைய ஐயம் வீண் பேச்சன்று என்பதற்குச் சிக்காகோ நகரம் சான்று பகரும். அங்கே, சிக்காகோ நதி மிச்சிகன் ஏரியைச் சாரும் இடத்துக்கருகே, 2,000 அடி உயரமும் 150 மாடிகளும் கொண்ட கோபுரமொன்றை ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா வரைந்தார். சங்கின் புரிபோல முறுக்கிக்கொண்டு உயரும் வடிவம் அது. 2007 ஆம் ஆண்டில் வேலையும் தொடங்கிற்று. 100 அடிக்கு மேற்பட்ட அகலமும் 70 அடிக்கு மேற்பட்ட ஆழமும் உடைய வட்டக் குழி அத்திவாரத்துக்கென வெட்டப்பட்டது. மறு ஆண்டிலே உலக நிதி நெருக்கடி வந்தது, வேலை நின்றது. கடன் கொடுத்த அயர்லாந்து வங்கியை 2009 சனவரியில் அந்நாட்டு அரசே பொறுப்பேற்க நேர்ந்தது. வரைந்த கலைஞரும் தமக்கு வரவேண்டிய ஊதியத்துக்காக உரிமை கோரினார். 2014 இல் நிலம் கைமாறியது. அவ்விடத்தில் 72 மாடிகள் கொண்ட வேறொரு கோபுரத்தின் வேலை தொடங்கியபோது ஆண்டு 2024. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் நகரின் அழகிய கரையொன்றில் அந்தக் குழியே நினைவுச்சின்னமாய்க் கிடந்தது. வரைபடம் மட்டுமன்றி, அத்திவாரங்கூட ஒரு கட்டடத்துக்கு உறுதிமொழியாகாது என்பதே சிக்காகோ தரும் பாடம்.

எனினும், ஐயம் வேறு, மறுப்பு வேறு. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்ரேற் கட்டடம் கொடிய பொருளாதார மந்தத்தின் நடுவே எழுந்து, 1931 மே மாதத்தில் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் அதன் மாடிகளிற் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடந்தமையால், நகரத்தார் அதை வெற்றுக் கட்டடமென்று எள்ளினர். ஆயினும் அது நிலைத்தது, பின்பு செழித்தது. சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் 2013 இல் தொடங்கி 2018 இல் நின்றுபோன பெருங்கோபுரத்தின் வேலை, 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் தொடங்கிற்று. நின்றது நின்றே போகும் என்று விதியில்லை.

அப்படியாயின், கட்டினாலும் கட்டாவிட்டாலும் முதலிட்டவர்க்கல்லவா இலாப நட்டம், குடிமக்கள் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்க நகரங்களில், புதிய கட்டடத்தால் அதிகரிக்கும் வரி வருமானத்தின் ஒரு பங்கை அத்திட்டத்துக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு பரவலாக உண்டு. ஓக்லஹோமா மாநகர சபையும் இத்திட்டத்துக்கு அவ்வகை உதவி செய்ய இணங்கியது. கட்டடம் எழாவிடின் அப்பணம் செலவாகாது என்பது உண்மை. கணக்கேட்டில் வராத நட்டம் வேறொன்று உண்டு. பெருங்கோபுரத்துக்கெனக் காத்திருக்கும் நிலத்தில் பத்து மாடி வீடுகள்கூட எழுவதில்லை. அயல் நிலங்களின் விலையோ வராத கோபுரத்தின் பெயரால் ஏறுகின்றது. வாடகை வீடு தேடும் எளிய குடும்பம் அந்தக் காத்திருப்பின் கூலியைக் கொடுக்கின்றது.

ஆதலால், பெருந்திட்டமொன்று அறிவிக்கப்படும்போது அதன் உயரத்தைக் கேட்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. முதல் யாருடையது, குடிவருவோர் யார், இடையில் நின்றால் குழியை மூடுபவர் யார் என்று கேட்பது நகரத்தாரின் உரிமை. கட்டுவோர் உறுதியுடையவராயின், இவற்றுக்கு விடைகூற அவர் தயங்கமாட்டார். விடை கிடைக்குமளவும் அந்நிலத்தை அதன் இன்றைய பயனைக் கொண்டே மதிப்பிடுவது அறிவுடைமை.