காற்றோடு மல்லுக்கட்டாத சைக்கிள்

ஆனி பிறந்தால் தென்காசியில் காற்றுக்கு ஒரே திசைதான். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தணிந்து ஒரு வாசல் விடுகிறது, ஆரியங்காவுக் கணவாய். 1904-ல் கொல்லம் ரயில் மலையைக் கடந்ததும் இந்த வழியாகத்தான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, இந்த வாசலில் நெரிபட்டு, வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. குற்றாலத்தில் சாரல் தூவுவதும் அதுதான், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். சீசனில் அந்தச் சாலையில் மேற்கே சைக்கிள் மிதித்தவர்கள் அதை ஐந்தாறு கிலோமீட்டர் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

அவர்கள் சொல்வதில் கணக்கு இருக்கிறது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போனால், காற்றை விலக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 25 வாட் செலவாகும். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்பு உணரும் வேகம் 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே 15-ல் போக இப்போது 135 வாட் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! நல்ல உடல்நலமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய சக்தியே சுமார் 100 வாட்தான்.

காற்றைக் குறைக்க முடியாது. காற்றுக்கு நாம் காட்டும் உடம்பைக் குறைக்கலாம். முதுகைப் பின்னால் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதித்தால் காற்றின் எதிரே நிற்கும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்; 135 வாட் 70-க்கு இறங்கிவிடும். இப்படிப்பட்ட வண்டிதான் சாய்வுச் சைக்கிள். இதை ஒரு சிற்றூர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஆனால் சாய்ந்து உட்காரும் அந்த ஒரே மாற்றம், சைக்கிளின் மற்ற எல்லா உறுப்புகளையும் மறுபடி யோசிக்க வைக்கிறது. இந்த வண்டியின் அழகே அதுதான் என்பேன்.

யோசனை பழையது. பிரான்சில் சார்ல் மோஷே என்பவர் நான்கு சக்கர மிதிகார்கள் செய்துவந்தார். அதில் ஒன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்தில் பிறந்தது அவருடைய சாய்வுச் சைக்கிள். 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். 1914-லிருந்து யாரும் தொடாமல் இருந்த ஆஸ்கார் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை விழுந்தது. ஃபோர் முன்வரிசைப் பந்தய வீரர்கூட இல்லை. அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சம்மேளனம் இத்தகைய வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இடமில்லாததால் பெரிய நிறுவனங்கள் அக்கறை காட்டவில்லை. வீட்டுப் பட்டறைகளே இதை வளர்த்தன என்று சொன்னால் மிகையில்லை. அந்த விலக்கு சைக்கிளின் வளர்ச்சிக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். 2016-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனச் சாலையில் டாட் ரைக்கர்ட், முழுக்கக் கூடு மூடிய சாய்வு வண்டி ஒன்றில் வெறும் கால்பலத்தால் மணிக்கு 144 கிலோமீட்டர் தொட்டார்.

செய்யத் தொடங்குவது இரும்பில் இல்லை, உடம்பில். சுவரில் முதுகு ஒட்ட, காலை நீட்டித் தரையில் உட்கார வேண்டும். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை உள்ள தூரம்தான் முதல் அளவு. சாதாரண சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கினால் யாரும் ஓட்டலாம். இதில் முதுகுக்குப் பின்னால் சாய்மானம் இருப்பதால் ஓரங்குலம் தவறினாலும் முழங்கால் சொல்லிவிடும். பிறகு சிமென்ட் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவுக்குப் படம் வரைந்து, அதன் மேலேயே படுத்துப் பார்க்கலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது நீள வகை: முன்சக்கரம் பெடலுக்கும் முன்னால், சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.7 மீட்டர்.

சட்டத்துக்கு ஜன்னல் கிரில் பட்டறையில் கிடைக்கும் 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய் போதும், கனம் 2 மில்லிமீட்டர். மீட்டருக்கு 2.4 கிலோ எடை. அதே எடை இரும்பை உள்ளே இடமில்லாத கம்பியாக வைத்தால் அது 17 மில்லிமீட்டர் சதுரம்தான் வரும். வளைவதைத் தாங்கும் வலிமையும் கால்பங்காகிவிடும். வளையும் உத்தரத்தில் மேல் விளிம்பு நசுங்குகிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது, நடு இரும்பு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் இரும்பை ஓரத்துக்குத் தள்ளினால் அதுவே குழாய். 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் இந்தக் குழாய் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாது. மிச்சமெல்லாம் பள்ளங்களுக்காக.

ஹேண்டில் கழுத்துக்குழாயையும் பெடல் அச்சு உட்காரும் கூட்டையும் பழைய சைக்கிளிலிருந்து அறுத்து எடுக்கலாம். வெல்டிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, கொத்தனாரின் தூக்குக்குண்டும் நூலும் கொண்டு இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி முழுப்பற்று வைக்க வேண்டும்.

இனி செயின். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பகுதி. சாதாரண சைக்கிளின் செயின் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். இதில் பெடல் முன்னால் போய்விட்டதால் இரண்டரை, மூன்று செயின்களைச் சேர்த்துக் கோக்க வேண்டும். ஒரு கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர் என்றால் முந்நூறு கண்ணிகளுக்குப் பக்கம். அவ்வளவு நீளச் செயின் சீட்டுக்கு அடியில் நுழைந்து போக வழியில் கப்பிகள் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பெடலை 30 கிலோ விசையில் அழுத்தினால், 17 சென்டிமீட்டர் கிராங்கும் 44 பல் சக்கரமும் சேர்ந்து அதைச் செயினில் 57 கிலோ இழுவையாக மாற்றிவிடும். அந்தச் செயினை ஒரு கப்பி 20 பாகை திருப்பினால், கப்பியின் அச்சில் ஒவ்வொரு மிதிக்கும் 20 கிலோ விழும். ஆனால் இந்தப் பளு எல்லாம் மேல் செயினுக்குத்தான். பின்சக்கரத்தை இழுப்பது அது. கீழே திரும்பி வரும் செயின் வெறுங்கையோடு வருகிறது. ஆகவே மேலே பால்ரஸ் வைத்த கனமான கப்பி, கீழே ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டே போதும். ஒரே செயின், இரண்டு வாழ்க்கை.

ஓட்டி நிலைநிறுத்துவது அடுத்த அதிசயம். ஒட்டடைக்கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்த முடியும், பென்சிலை முடியாது. உயரம் குறையக் குறைய விழும் வேகம் கூடுவதுதான் காரணம். சாய்ந்து படுத்தவரின் எடை மையம் கீழே இறங்கிவிடுவதால், சாய்வுச் சைக்கிள் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் சரியும். ஹேண்டில் அதற்குள் திருத்தியாக வேண்டும்.

அந்தத் திருத்தத்தில் பாதியை வண்டி தானே செய்துகொள்ளும்படி வடிவமைக்கலாம். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். டயர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வருவதால் சக்கரம் தானாக நேராகப் பார்க்கிறது. இந்த இடைவெளியைப் பின்தங்கல் எனலாம். தொழிலில் ட்ரெயில் என்பார்கள். பெரிய சக்கரமும் 72 பாகைக் கழுத்தும் உள்ள சைக்கிளில் இது சுமார் 6.5 சென்டிமீட்டர். அதே கழுத்தில் 20 அங்குலச் சின்னச் சக்கரத்தை மாட்டினால் 3.5-க்குச் சுருங்கிவிடும், வண்டி அலையும். கழுத்தை 65 பாகைக்குச் சாய்த்துப் பற்றவைத்தால் மறுபடி 6.5 வந்துவிடும். ஏழு பாகைதான் வித்தியாசம்!

ஆனாலும் சைக்கிள் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்யப் பலவகையில் முயன்று, பின்தங்கல் முக்கியம் என்று எழுதினார். 2011-ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, பின்தங்கலும் இல்லாமல் சக்கரச் சுழற்சியின் பலனும் இல்லாமல் தானே நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியைச் செய்து காட்டினார்கள். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறதாம். தெருவில் தினமும் ஓடும் ஒரு பொருளுக்குள் இவ்வளவு புதிர்!

ஏற்றத்தில் இந்த வண்டி வேறு குணம் காட்டும். புளியரை எஸ் வளைவில் சாதாரண சைக்கிள்காரர் எழுந்து நின்று தன் எடையைப் பெடலில் போடுவார். சாய்ந்திருப்பவர் எழ முடியாது. சாய்மானத்தில் முதுகை முட்டுக் கொடுத்துத் தன் எடைக்கும் மேலான விசையில் உதைக்க முடியும்தான். ஆனால் அந்த ஆசைக்கு முழங்கால் விலை கொடுக்கும். ஆகவே கியர் கட்டாயம் வேண்டும். பின்னால் பெரிய பல் சக்கரம் போட்டு, வேகமாக, லேசாக மிதித்து ஏறுவதே சரி.

சீட்டுக்கு நாடாக் கட்டிலின் நைலான் நாடாவைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னினால் உடம்பின் வளைவுக்கு இணங்கும், முதுகு வேர்க்காது, சாரலில் நனைந்தாலும் நீர் தங்காது. பிரேக்கிலும் ஒரு லாபம்: எடை தாழ்ந்தும் பின்தள்ளியும் இருப்பதால் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் முன்னால் குப்புற விழ மாட்டோம். அதே காரணத்தால் முன்சக்கரத்தில் பளு குறைவு. ஈரச் சாலையில் அது வழுக்கும். இங்கே பின்பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். கார், பேருந்து ஓட்டிகளின் கண்ணுக்குத் தப்பாமல் இருக்க, பின்னால் ஒரு நீளக் கம்பியில் பளிச்சென்ற கொடியும் வேண்டும்.

சோதனைக்கு யாரைக் கேட்பது? அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் மனித சக்தி வாகனப் போட்டி ஒன்றை நடத்திவந்தது, வேலூர் வி.ஐ.டி.யிலும் நடந்திருக்கிறது. நம் பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த சாய்வு வண்டிகளோடு அதில் இறங்கினார்கள். அதன் பாதுகாப்பு விதிகள் வீட்டுப் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 8 மீட்டர் ஆரத்துக்குள் திரும்ப வேண்டும். 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நடக்கும் வேகத்தில், 30 மீட்டர் நேராகப் போக வேண்டும். மூன்றில் கடினமானது கடைசியாகச் சொன்னதுதான், ஏனென்றால் மெதுவாகப் போகும்போதுதான் சைக்கிள் அதிகம் தள்ளாடும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மைதானத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, வெல்டிங் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, மயிரிழை விரிசல் ஏதும் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். பெயின்ட் அடிப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே அடித்துவிட்டால் விரிசல் அதற்கடியில் ஒளிந்துகொள்ளும்.