செய்தித்தாளில் வழுக்கிய கால்கள்

ஆடித் திருவிழாவில் வாங்கி வந்த பச்சைச் சாயக் குஞ்சு மூன்றாம் நாள் காலையில் எழுந்து நிற்கவில்லை. கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக அகன்று கிடக்க, வயிறு தரையில் படிய, அட்டைப்பெட்டிக்குள் துடுப்புப் போடுவதுபோல் துழாவிக்கொண்டிருந்தது. மகள் அழுதாள். "குளிர் பட்டிருக்கும், மஞ்சளைக் குழைச்சுப் போடு" என்றார் மாமியார். எதிர்வீட்டுக்காரர் ஏதோ டானிக் பெயரைச் சொன்னார். பெட்டியில் என்ன விரித்திருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. விரித்திருந்தது செய்தித்தாள்.

எச்சம் பட்டால் சுருட்டி எறிந்துவிடலாமே என்று நாம் போடும் அந்தத் தாளில் குஞ்சுக்குப் பிடிமானமே கிடையாது. பொரித்த முதல் சில நாட்களில் அதன் தசைநார்கள் இளசாக இருக்கும். ஊன்றுகிற ஒவ்வோர் அடியும் வெளிப்பக்கம் சறுக்கச் சறுக்க, கால்கள் அகன்ற வாக்கிலேயே பழகிவிடுகின்றன. இன்குபேட்டரில் வெப்பம் தவறினால் பொரிக்கும்போதே இப்படி வருவதும் உண்டு. தாய்க்கோழியின் பின்னால் மண்ணைக் கிளறித் திரியும் குஞ்சுகளிடம் இதை அதிகம் பார்க்க முடியாது.

இதற்கு வைத்தியம் ஒரு பேண்ட் எய்டுதான். நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பஞ்சுப் பகுதி நடுவில் வரும்படி, ஒட்டும் முனைகளை இரு கால்களிலும் பாதத்துக்குச் சற்று மேலே சுற்ற வேண்டும். கால்கள் உடம்புக்கு நேர்கீழே, இயல்பாக நிற்கும் அகலத்தில் இருக்கட்டும். சின்னக் குஞ்சுக்குச் சுமார் ஓர் அங்குலம். ஒருவர் துண்டில் பொதிந்து பிடித்துக்கொண்டால் இன்னொருவர் கட்டிவிடலாம். பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். குஞ்சு வேகமாக வளரும், அதனால் தினமும் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அது குப்புற விழுந்து விழுந்து எழும். அதைப் பார்க்க மனசு தாங்காமல் கட்டை அவிழ்ப்பவர்கள்தான் அதிகம். நானும் ஒருமுறை அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சாக்கை விரித்தேன். கட்டிய நான்காம் நாள் எங்கள் குஞ்சு நடந்தது. ஒரு வாரம் தாண்டிய குஞ்சுக்கு இது அவ்வளவாகப் பலிக்காது.

தரை சரியாக இருந்தும் கால் துவண்டால் தீனியைப் பாருங்கள். நாம் வழக்கமாகப் போடுவது குருணை. தீட்டிய அரிசிக்கும் கோழிக் காலுக்கும் உள்ள பகை பழையது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் வளர்த்த ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. அவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோறு. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மறுக்க, தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. அரிசி உறையில் இருந்த அந்தச் சத்தைத்தான் பின்னால் வைட்டமின் பி1 என்றார்கள். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

விரல்கள் உள்பக்கம் முஷ்டிபோல் சுருண்டு, குஞ்சு கணுக்காலை ஊன்றி உட்கார்ந்தால் பி2 குறைவு என்று சந்தேகிக்கலாம். ஆரம்பத்திலேயே வைட்டமின் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு வளைந்தால் டி3, கால்சியம், பாஸ்பரஸ் மூன்றின் கணக்கில் கோளாறு. கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தில் இவையெல்லாம் அளவாகக் கலந்திருக்கும். அதோடு காலை வெயில் நேராகப் படட்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் டி3 விஷயத்தில் உதவாது. குருணையோடு நிறுத்தாமல் கிராமத்தில் குஞ்சுக்குக் கறையானும் பிடித்துப் போட்ட பாட்டிகள் விவரமானவர்கள்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் வளர்ந்த குஞ்சுக்கு மாரெக்ஸ் நோய் இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் வழி. கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்தால் வெள்ளைக் கழிச்சல் என்கிற நோயாக இருக்கலாம். உடனே தனியே பிரித்து, மருத்துவரை அழையுங்கள்.

நொண்டும் குஞ்சை மற்றவை கொத்தும். அதைத் தனியே வையுங்கள். ஆனால் மற்றவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் கத்தியே களைத்துவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு மூழ்காது. அடிவயிற்றில் ஒட்டும் எச்சத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். தொட்ட பிறகு குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

பச்சைக் குஞ்சு இப்போது வெள்ளைச் சேவல். விடிகாலை நான்கு மணிக்கே கூவுகிறது. எதிர்வீட்டுக்காரர் இப்போது வேறு யோசனை சொல்கிறார். உங்கள் வீட்டுப் பெட்டியில் செய்தித்தாள் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இந்தப் பத்திரிகையைக் கிழித்து விரித்துவிடாதீர்கள், இந்தத் தாள் இன்னும் வழுக்கும்.