தட்டுப்போருக்கும் ஒரு சோதனை

துணியின் எடை, சாயம், சுருக்கம் எல்லாம் சோதனைக்கூடத்தில் தேறினால்தான் பின்னலாடைச் சரக்கு திருப்பூரைவிட்டு நகரும். அதே மாவட்டத்தின் காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் மாட்டுக்கு வாங்கும் சோளத்தட்டும் வைக்கோலும் கட்டுக் கணக்கிலும் நிறம் பார்த்துமே விலைபோகின்றன. வடகிழக்குப் பருவமழையில் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் தழைக்கும் கொழுக்கட்டைப்புல் மாசி, பங்குனியில் காய்ந்துவிடும். பிறகு அடுத்த மழைவரை தட்டுப்போரை நம்பித்தான் பிழைப்பு. அதில் என்ன சத்து இருக்கிறதென்று தெரியாமல் தீனி போட்டால் பாலும் குறையும், பணமும் கரையும்.

சோளத்தைப் பூக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்தால் புரதம் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கதிர் முற்றியபின் வெட்டினால் 4 அளவுக்கு இறங்கிவிடும். நெல் வைக்கோலில் பெரும்பாலும் 3 முதல் 4 சதவீதம்தான். நாளுக்கு 6 கிலோ தட்டு தின்னும் மாட்டுக்கு முதல் வகையில் 420 கிராம் புரதம் கிடைக்கும், இரண்டாவதில் 240 கிராம்தான். குறைகிற 180 கிராமை ஈடுகட்ட, 40 சதவீதப் புரதமுள்ள கடலைப்புண்ணாக்கு 450 கிராம் வேண்டும். இரையில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பையில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும். போர் தீரத் தீர மாடு மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையில் எடுத்து முகர்ந்தாலே தெரியாதா என்பார்கள். பூஞ்சணம், தூசி, இலையின் அளவு தெரியும், புரதம் தெரியாது. காங்கேயம் மாடு எதைத் தின்றும் தாங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, கன்றுக்கும் கறவைக்கும் போதுமான சத்துப் பெறுவது வேறு. சிறு விவசாயிக்குச் செலவு கட்டுமா என்ற கேள்விதான் வலுவானது. மாட்டுக்கொரு சோதனை தேவையில்லை. ஒரு லோடுக்கு ஒன்று போதும். லோடைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் செலவையும் பங்கிடலாம், பால் கூட்டுறவுச் சங்கமே அனுப்பியும் வைக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள கோழிப்பண்ணைகளுக்குத் தீவனச் சோதனை புதிதல்ல. போரின் மேற்புறத்தில் மட்டும் உருவாமல், உள்ளே கைவிட்டுப் பத்து இடங்களிலாவது எடுத்துக் கலந்த மாதிரியை அனுப்பவேண்டும்.

முடிவு நன்றாக வந்தால் புண்ணாக்கைக் குறைக்கலாம். வைக்கோல் மோசமென்றால் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப்புகாமல் மூடிவைத்துப் போடலாம். இளங்கன்றுகளுக்கு மட்டும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த லோடு வாங்கும்போது வியாபாரியிடம் கட்டுக்கு எவ்வளவு என்று கேட்காமல், புரதத்துக்கு எவ்வளவு என்று பேரம் பேச முடியும்.