எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

மே மாதம் வந்து மேனிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகள் வெளியாகிவிட்டால், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எங்கே சேர்ப்பது? என்ன படிக்க வைப்பது? காசிமேட்டில் கடலை நம்பி வாழும் தந்தைக்கும், மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தத் தொழிலாளியாய் உழைக்கும் தந்தைக்கும், துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்கும் இக்கேள்வி பொதுவானது. இவர்களுடைய இல்லங்கள் பலவற்றில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கப்போவது அந்தப் பிள்ளைதான். கேட்டறியப் படித்த அண்ணனும் இல்லை. வழி சொல்லப் பட்டம் பெற்ற மாமனும் இல்லை.

இந்நிலையில் இவர்கள் கண்ணில் முதலில் படுவது விளம்பரமே. சாலையோரப் பலகைகளிலும் செய்தித்தாள்களின் முதற்பக்கத்திலும், “அகில இந்திய அளவில் இத்தனையாவது இடம்” என்று ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை நம்பித் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகின்றது. தந்தையின் கையொப்பம் கடன் பத்திரத்தில் ஏறுகின்றது. ஆகவே, அந்த எண் எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாமல் விடுகின்றது என்பதை நாம் ஆய்ந்து பார்ப்பது நலம்.

எண் பிறக்கும் விதம்

நம் நாட்டில் மத்திய அரசின் கல்வி அமைச்சகமே ஆண்டுதோறும் ஒரு தரவரிசைப் பட்டியலை வெளியிடுகின்றது. 2015ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இத்திட்டத்தின் முதற்பட்டியல் 2016 ஏப்ரலில் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களுக்கு 100 மதிப்பெண் பின்வருமாறு பங்கிடப்படுகின்றது: கற்பித்தலுக்கும் அதற்குரிய வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, மாணவரின் தேர்ச்சிக்கும் அதன் பின்னுள்ள நிலைக்கும் 20, பெண்கள், ஏழைகள், வெளிமாநிலத்தார் ஆகியோருக்கு இடமளிப்பதற்கு 10, அந்நிறுவனத்தைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்புக்கு 10. கல்லூரிகளின் பட்டியலில் ஆராய்ச்சியின் பங்கு இதைவிடக் குறைவு. கற்பித்தலின் பங்கு கூடுதல்.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், பி.காம். வகுப்பில் சேரவிருக்கும் திருவொற்றியூர் மாணவிக்கு, அப்பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் எவ்வளவு பயன்? அவளுக்கு வேண்டியது வணிகவியல் துறையில் வகுப்புக்குத் தவறாமல் வரும் நல்லாசிரியர். நிறுவனம் முழுவதற்கும் சேர்த்துப் போடப்படும் எண், ஒரு துறையின் நிலையைக் காட்டுவதில்லை. மேலும், இப்பட்டியலுக்கு விண்ணப்பிக்காத கல்லூரியின் பெயர் அதில் வருவதேயில்லை. அதனால் அக்கல்லூரி தரமற்றது என்று கொள்ளலாகாது.

ஏறுவதும் இறங்குவதும்

நம் நகரத்துக் கல்லூரிகள் இரண்டையே எடுத்துக்கொள்வோம். 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரி, கல்லூரிகளுக்கான பட்டியலில் 2021இல் 7ஆம் இடத்தில் இருந்தது. 2022இலும் 2023இலும் 3ஆம் இடத்துக்கு உயர்ந்தது. 2024இல் 13ஆம் இடத்துக்கு இறங்கியது. 1925இல் இயேசு சபையினர் நிறுவிய இலயோலாக் கல்லூரி 2021இல் 3ஆம் இடத்திலும், 2022இல் 4ஆம் இடத்திலும், 2023இல் 7ஆம் இடத்திலும், 2024இல் 8ஆம் இடத்திலும் நின்றது. ஓராண்டுக்குள் மெரினாக் கரையிலுள்ள அக்கல்லூரியின் ஆசிரியர்கள் அனைவரும் மாறிவிட்டனரா? நூலகம் பாழாகிவிட்டதா? ஒரு கல்லூரி பத்து இடம் இறங்கியதால் அங்கே பயிலும் மாணவனின் கல்வி பத்துப் படி இறங்கிவிடுவதில்லை. முதல் வரிசையில் நிற்கும் கல்லூரி எது என்று பொதுவாக அறிய இப்பட்டியல் உதவும். மூன்றாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் இடையே பிள்ளையின் எதிர்காலத்தை நிறுத்துப் பார்க்க அது உதவாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கணக்குகளைப் பெரும்பாலும் அந்தந்த நிறுவனமே தருகின்றது. அமெரிக்க நாட்டில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு புகழ்பெற்ற பட்டியலில் 2ஆம் இடம் பெற்றிருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் என்பார், 2022இல் தம் பல்கலைக்கழகம் கொடுத்த கணக்குகளை ஆராய்ந்து, அவை உண்மைக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார். பிழைகள் இருந்ததைப் பல்கலைக்கழகம் பின்னர் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அது 18ஆம் இடத்தில் வைக்கப்பட்டது.

நம் மாநிலத்திலும் 2024 ஜூலையில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் ஏட்டில் இருப்பதை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய சோதனையிலும் இத்தகைய பெயர்கள் அகப்பட்டன. ஏட்டில் மட்டும் இருக்கும் ஆசிரியர் எந்த வகுப்பில் பாடம் நடத்துவார்?

எல்லாக் கல்லூரியும் ஒன்றுதானா?

“அப்படியானால் எங்கே படித்தால் என்ன? படிக்கிற பிள்ளை எங்கும் படிக்கும்” என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றில் பாதி உண்மை இருக்கின்றது. மறு பாதியில் நம்மவர்க்கு ஆபத்தும் இருக்கின்றது.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இருவர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒத்த திறமையுடையவர்களாய், ஒரே வகையான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுள், பெயர்பெற்ற கல்லூரிக்குச் சென்றவர்களையும் அதை விடுத்துச் சாதாரணக் கல்லூரிக்குச் சென்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பிற்காலத்தில் இரு சாராரின் வருவாயும் பொதுவாக ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இதற்கு விலக்கு! அவர்கள் தேர்ந்த மாணவர் கூடும் கல்லூரிக்குச் சென்றபோது கூடுதல் பயன் அடைந்தனர்.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்லச் சிற்றப்பா இருக்கின்றார். பரிந்துரைக்கத் தந்தையின் நண்பர் இருக்கின்றார். ஆங்கிலம் வீட்டிலேயே பழகிவிடுகின்றது. தண்டையார்ப்பேட்டைத் தொழிலாளியின் மகனுக்கோ இவையெல்லாம் முதன்முதலாகக் கிடைக்கும் இடம் கல்லூரியே. ஆகவே, எந்தக் கல்லூரி என்பது மற்ற எவரையும்விட நம் பகுதிப் பெற்றோருக்கே மிகுதியாகப் பொருட்படுத்தத்தக்கது. ஆனால் விளம்பரப் பலகையில் உள்ள எண் அதைத் தீர்மானிக்கப் போதுமானதன்று.

இராமேசுவரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்றபின், குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை நாடினார். கட்டணத்துக்காக அவருடைய தமக்கையார் சொகரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்நிறுவனம் 1949இல்தான் தொடங்கப்பெற்றது. அவர் சேர்ந்த காலத்தில் அதற்குப் பத்து வயதும் ஆகவில்லை. பழம்பெருமை பேச அதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அவர் கற்க விரும்பிய விமானப் பொறியியல் அங்கே இருந்தது. தமக்கையாரின் நகை சென்ற இடம் தகுதியான இடமாயிற்று.

எண் பயன்படும் இடம்

தரவரிசை நேரடியாகப் பயன்தரும் இடமும் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் தகுதியின் அடிப்படையில் இடம் பெறும் மாணவர், சொத்துப் பிணையும் ஆள் ஜாமீனும் இன்றி வங்கிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், படிப்புக்காலத்து வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு. ஆனால் இச்சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்க்கே. ஆதலால், கடன் வாங்கியே தீரவேண்டிய குடும்பம், பிள்ளைக்கு இடம் கிடைத்த நிறுவனம் இத்திட்டத்தில் உள்ளதா என்று வங்கியில் முதலில் விசாரிக்க வேண்டும்.

கடனுக்கு முன் உதவிகளையும் கேட்டறிதல் வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. அரசுப் பள்ளிகளோடு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கும் இவை பயன்படுகின்றன.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கல்லூரியை விளம்பரத்தில் பாராமல் நேரில் பாருங்கள். வேலை நாள் ஒன்றில் பிள்ளையோடு செல்லுங்கள். நாம் சேரவிருக்கும் துறையில் நிலையான ஆசிரியர் எத்தனை பேர்? நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கின்றது? சேர்ந்த மாணவருள் உரிய காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? வாசலில் நிற்கும் இறுதியாண்டு மாணவரிடம் இவற்றைக் கேட்டால் உண்மை விளங்கிவிடும். “எங்கள் மாணவர் ஒருவர் இத்தனை லட்சம் சம்பளம் பெற்றார்” என்பார்கள். அந்த ஒருவரை விடுத்து, மற்றவர் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். பொறியியல் கல்லூரியாயின், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1992ஆம் ஆண்டு முதலே நம் மாநிலத்தில் சட்டம் அதைத் தடுக்கின்றது.

பயணத்தையும் கணக்கிடுங்கள். 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இரயில் ஓடுகின்றது. கிண்டி வரை வண்டி மாறாமல் செல்லலாம். எண்ணூரில் உள்ளவர்க்கோ புறநகர் இரயிலையும், லாரிகள் அணிவகுக்கும் சாலையையும் விட்டால் வேறு வழியில்லை. நாள்தோறும் நான்கு மணி நேரம் வண்டியில் கழிக்கும் பிள்ளை எப்போது படிக்கும்? அருகிலேயே பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தோன்றிய சர் தியாகராயா கல்லூரி இருக்கின்றது. 1964இல் தோன்றிய பாரதி மகளிர் கல்லூரி இருக்கின்றது. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கின்றது. கடலோடு வளர்ந்த பிள்ளைக்குப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உண்டு. உத்தண்டியில் கப்பல் துறைக் கல்விக்கென 2008இல் அமைந்த இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் உண்டு. அருகில் உள்ளது என்பதற்காக ஒன்றை இகழவும் வேண்டாம். தொலைவில் உள்ளது என்பதற்காக ஒன்றை அஞ்சவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். மூன்றாண்டுகளோ நான்காண்டுகளோ அந்த வகுப்பில் அமரப்போவது அவனோ அவளோதான். பாதியில் நின்றுபோன படிப்பு, எத்துணைப் புகழ்பெற்ற கல்லூரியாயினும், வீட்டுக்குக் கடனை மட்டுமே விட்டுச் செல்லும். முடித்து வெளிவந்த படிப்போ, அடுத்துவரும் தம்பி தங்கையர்க்கும் தெருவிலுள்ள பிள்ளைகளுக்கும் வழிகாட்டியாகும். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அண்டை வீட்டார் கல்லூரியைப் பற்றி விசாரிக்க வரும்போது, அவர்களுக்கு விடை சொல்ல நம் தெருவிலேயே ஒருவர் இருப்பார்.